அமெரிக்காவிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை

அமெரிக்காக்காரர்களின் இன்ஷூரன்ஸ் புகார்களைக் கேட்கும் வேலை கடல் தாண்டி என்னிடம் வந்தது. மயிலாப்பூரில் நான் படுப்பதே விடியற்காலை என்றாகிவிட்டது. வீட்டு வேலை செய்பவள் ஏழு மணிக்கு வந்து மணியடித்தால் கோபம் தலைக்கேறும். "இனிமே சாயங்காலம் வாயேன்" என்றேன். எங்கள் அடுக்குமாடியில் அவள் வேலை பார்த்த மற்ற இரண்டு வீட்டாரும் என்னைப் போல ராக்கோழிகள்தான். அவர்களும் அதையே சொன்னார்கள்.

சாயங்காலம் வந்தாள். நான் அப்போதுதான் விளக்கேற்றிவிட்டு ஹெட்செட்டை மாட்டியிருந்தேன். பாத்திரம் தேய்த்தாள். பெருக்க மட்டும் மாட்டேன் என்றாள்.

"வெளக்கு வச்சப்புறம் தொடப்பத்த எடுத்தா லச்சுமி பூடும் மாமி."

எனக்குத் தெரியாத சாஸ்திரமா? ஆனால் காலில் மண் நறநறத்தது. "அமெரிக்காவுல இப்பதான் பொழுது விடியறது. இந்த ஆத்துல எல்லாம் அந்தக் கணக்குதான்" என்று ஒரே போடாகப் போட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பெருக்கினாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஆளைக் காணோம். ஞாயிறும் வரவில்லை. திங்கள் சாயங்காலம் சாவகாசமாக வந்து நின்றாள்.

"இன்னா மாமி, அமெரிக்கால சனி, நாயிறு லீவாமே. நீங்களும் வேல செய்யலதான?"

மூன்று வீட்டிலும் இதே நியாயம் பேசியிருந்தாள். நாங்கள் கூடிக் கெஞ்சி, சனிக்கிழமையை எப்படியோ மீட்டோம். ஞாயிற்றை அவள் விடவில்லை. ஆற்றோரக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள். "இத்தினி வருசத்துல பகல்ல படுத்ததே இல்ல மாமி. நேத்து மீன் கொயம்பு துன்னுட்டு நல்லா தூங்கினேன்" என்றாள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

போன வருடம் எங்கள் வேலையை மணிலாவுக்குத் தள்ளிவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது பகல் வேலை.

"இனிமே நம்மூர் கணக்குதான். காலையில வா. ஞாயித்துக்கிழமையும் வந்துடு" என்றேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"காலைல வரேன் மாமி. ஒங்க வேலய எவனோ எடுத்துக்கினு போனான், நீங்க சும்மா குடுத்துட்டீங்கோ. என் நாயித்துக்கெயமய நான் குடுக்கமாட்டேன். வோணான்னா வேற ஆள் பாத்துக்கோ."

மணிலாப் பெண்ணுக்கு என் வேலை முழுவதையும் சிரித்த முகத்தோடு சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவள் நான். ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை.

வேறு ஆள் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் பெருக்குகிறேன்.