கழுவி வெச்ச தூம்பா

போர் போடற வண்டி எங்க பக்கம் மொத மொதல்ல வந்துச்சு பாருங்க, அந்த வருசந்தான் எங்கக்கா செத்தது. மழைன்னு ஒண்ணு இல்லவே இல்லீங்க. கெணத்துல எட்டிப் பாத்தா அடிப்பாறை தெரியும். நா பண்ணையத்துக்கு இருந்த தோட்டத்துல திருச்செங்கோட்டு வண்டி வந்து நின்னு கம்பிய எறக்குச்சு. ஊரே வேல வெட்டிய உட்டுப்போட்டு வேடிக்கை பாத்துச்சு. தண்ணி வரல, பாறை மாவுதான் வந்துச்சு. வெள்ளையா, திருநூறு மாதிரி. மாட்டு மேல, சோளத்தட்டு மேல, பண்ணையக்காரரு மீசை மேல எல்லாம் அதே மாவு. அவரு அத தொடைக்கக்கூட இல்ல, அப்படியே உக்காந்திருந்தாரு. அந்த மாவ மாட்டு மேலருந்து நா கழுவிட்டு இருக்கும்போதுதான் ஆள் வந்துச்சு, அக்கா போயிட்டான்னு.

நீங்க கேட்டது வேதத்தால சனங்களுக்கு நல்லதா கெட்டதான்னு. எங்க பக்கம் கிறிஸ்தவம்னு வாயில வராதுங்க. வேதம்னுதான் சொல்றது, அதுல இருக்கறவங்க வேதக்காரங்க. நா அதுல சேரல. எனக்குப் படிப்பும் இல்ல. புஸ்தகத்துல என்ன எழுதியிருக்குதுன்னு கேட்டா நா எங்க போவேன்? எனக்குத் தெரிஞ்சது எங்கக்காவும் ஒரு பொட்டியுந்தான். அத சொல்றேன்.

நாங்க பொறந்தது ஓமலூருக்கு மேக்கால. ஊரு பேரு வேண்டாம் உடுங்க. அக்கா சின்னப் புள்ளையா இருக்கையில கால்ல முள்ளு ஏறி சீழ் புடிச்சுக்கிச்சு. ஊரு வைத்தியருகிட்ட எங்கப்பன் தூக்கிட்டுப் போனாரு. வைத்தியரு வாசல்ல நின்னே பாத்துட்டு, பச்செலை உருண்டைய மண்ணுல போட்டாரு, எடுத்துக்கன்னு. நாங்க சேரிக்காரங்களாச்சே, கையில குடுக்க முடியுமா? கால் வீங்கி தொடை வரைக்கும் ஏறிடுச்சு. அப்பறந்தான் பக்கத்து ஊரு கன்னியாஸ்திரீக மடத்துல தர்மாஸ்பத்திரி இருக்குதுன்னு ஆரோ சொல்லி அங்க கொண்டுபோனாரு. அங்க ஒரு வெள்ளக்கார சிஸ்டரு. தரையில சம்மணம் போட்டு உக்காந்து, அக்கா கால எடுத்துத் தன் மடியில வெச்சு, சீழ அமுக்கி எடுத்துச்சாம். அந்த நாத்தத்துக்கு எங்கப்பனே மூஞ்சியத் திருப்பிக்கிட்டாராம். அந்தம்மா திருப்பல. இத நல்லதுன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது? சொல்லித்தான் ஆவணும்.

அக்கா ஊட்டுக்கே திரும்பி வரல. அங்கயே கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருந்தா. தலையில தண்ணி ஊத்திக்கிட்டு வேதத்துல சேந்தா. அப்பறம் ஆயா வேலை, அப்பறம் பிரசவம் பாக்கக் கத்துக்கிட்டா. கண்ணாலம் கட்டிக்கல. வெள்ளச்சீலை, கையில கெடியாரம், அவ நடந்து வந்தான்னா எனக்கே கூப்படப் பயமா இருக்கும். நா கண்ணாலம் ஆகி நாமக்கல் பக்கம் பண்ணையத்துக்குப் போயிட்டேன். வருசத்துக்கு ஒருக்கா என்னப் பாக்க பஸ்ஸுல வருவா. கண்டக்டரு, "சிஸ்டர், இப்படி உக்காருங்க"ன்னு முன்னால சீட்டு ஒழிச்சுக் குடுப்பானாம். எங்க சேரி முக்குல எறங்கணும்னு சொன்னதும் அவன் மூஞ்சி போற போக்க அக்கா நடிச்சுக் காட்டுவா. நாங்க உழுந்து உழுந்து சிரிப்போம். இப்ப நெனச்சா சிரிப்பு வரலைங்க. எச்சி துப்பத்தான் தோணுது.

பஸ்ஸுக்காரன உடுங்க, அவன் எவனோ. அவ கும்புட்ட கோயிலச் சொல்றேன்.

மடம் இருந்த அந்த ஊருல வேதக்காரங்க ரெண்டு வகை. தோட்டந்தொரவு வெச்சுக்கிட்டு, பாட்டன் காலத்துலயே வேதத்துக்குப் போன மேச்சாதிக்காரங்க ஒரு வகை. அப்பறம் எங்க சனம். கோயிலுக்குள்ள நடுவால ஒரு இரும்புக் கம்பி ஓடுச்சாம். அவங்க அக்கட்ட, எங்காளுங்க இக்கட்ட. ஒரு சாமியாரு வந்து சண்டை புடிச்சு அந்தக் கம்பியப் புடுங்கிப்போட்டாரு. நா ஒருக்கா கிறிஸ்துமசுக்குப் போயிருந்தப்ப பாத்தேன். கம்பி இல்ல. ஆனா தரையில கம்பி நட்ட குழி வரிசையா இருந்துச்சு. சனம் அந்தக் குழியத் தாண்டாம அக்கட்ட கொஞ்சம், இக்கட்ட கொஞ்சம் மண்டி போட்டிருந்துச்சு. ஒருத்தரும் சொல்லல, ஒருத்தரும் தாண்டல. எங்காளுங்களுந்தான் தாண்டல. அதையும் சொல்லணுமில்ல.

இனி தூம்பாவுக்கு வாரேன். தூம்பான்னா பொணம் கொண்டுபோற பொட்டிங்க. மண்ணுல பொதைக்கற பொட்டி இல்ல. கோயிலுக்குப் பொதுவா ஒண்ணு இருக்கும். பொணத்த அதுல வெச்சு, முன்வாசல் வழியாக் கோயிலுக்குள்ள கொண்டுபோய்ப் பூசை வெப்பாங்க. அப்பறம் கல்லறைக்குத் தூக்கிட்டுப் போயி, ஆள எறக்கிட்டு, வெறும் பொட்டியத் திருப்பிக் கொண்டாந்து வெச்சுருவாங்க. அந்தக் கோயில்ல ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு கருப்பு பாலீசு போட்டு, பித்தளைக் குருசு வெச்சு, பீடத்துக்குப் பின்னாடி ரூம்புல பட்டுத்துணி போத்தி இருக்கும். இன்னொண்ணு பலகைப் பொட்டி. கோயிலுக்குப் பின்னால தேர்க்கொட்டாயில கெடக்கும், கோழி அடையும் அதுல. எங்க சனத்துக்கு அது. அதுல போற பொணம் முன்வாசல்ல நொழையாது. பக்கத்து வாசல்தான்.

அக்காளுக்கு மஞ்சக்காமாலை வந்து படுத்தப்ப நா போயிப் பாத்தேன். கண்ணெல்லாம் மஞ்சளா இருந்துச்சு. சோறு தண்ணி பத்தியெல்லாம் பேசல. எங் கையப் புடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"டேய் தம்பி, என்ன அந்தக் கோழிப்பொட்டியில மட்டும் வெக்க உட்றாத. நல்ல தூம்பாவுல, முன்வாசல்ல நா போவணும். இந்த ஊருல பாதிப் பேர நாந்தான்டா கையில வாங்குனேன்."

செரிக்கான்னு சொல்லிட்டு வந்தேன். எங்க சனத்துல சாகறவங்க என்னென்னமோ கேப்பாங்க, கறிக்கொழம்பு கேப்பாங்க. இவ ஒரு பொட்டி கேட்டா.

செத்த சேதி வந்து நா போய்ச் சேந்தப்ப உச்சி வெயிலு. மொதல்ல சாமியாருகிட்டப் போனேன். புதுசா வந்தவரு, தெக்கத்திக்காரரு, சின்ன வயசு. அக்கா கேட்டதச் சொன்னேன். கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. தாராளமா எடுத்துக்குங்கன்னாரு. ஆனா சாவி கோயில் பெரியவருகிட்ட இருக்குது, ஒரு வார்த்தை கேட்டுக்குங்கன்னாரு.

கோயில் பெரியவருன்னா அந்த மேச்சாதி வேதக்காரங்களுக்குத் தலைவரு மாதிரி. நெம்பத் தோட்டம், நெம்பச் செல்வாக்கு. அவரு மருமவளுக்குத் தல திரும்பிக் கெடந்த புள்ளைய எங்கக்காதான் எடுத்தா. புள்ள அழுவாம நீலம் பாரிச்சுப் போயிருக்குது. வாய்க்குள்ள வாய் வெச்சு ஊதி உசுரு கொண்டாந்தா. அந்தப் பேரன் வாசல்ல வண்டி ஓட்டி வெளையாடிட்டு இருந்தான், நா போறப்ப.

நாந் தள்ளி நின்னு சொன்னேன். சாமி, அக்காளுக்குக் கருப்புத் தூம்பா வேணும்ங்க, சாமியாரு எடுத்துக்கச் சொல்லிட்டாருங்கன்னு.

"சாமியாரு இன்னிக்கு இருப்பாரு, நாளைக்கு மாத்தலாகிப் போவாரு. நாங்கதானப்பா இங்க கெடக்கறம்"னாரு.

உங்க பேரனக் கையில வாங்குனவ சாமின்னு சொன்னேன்.

"ஆரப்பா இல்லைன்னா? அவ மகராசி. அது வேற, தூம்பா வேற. அதுல எங்கய்யன் போனாரு. நாளைக்கு நானும் அதுலதான போவணும்."

அவரு முழுசாச் சொல்லலைங்க. அவ படுத்த எடத்துல நா படுக்கறதான்னு வாய்க்குள்ளயே முழுங்கிட்டாரு. ஆனா எனக்குக் கேட்டுச்சு. நா நவுராம நிக்கறதப் பாத்துட்டு அவருக்கு எரிச்சலாயிருச்சு.

"நீ என்ன வேதக்காரனா? மாரியாயிக்குக் கெடா வெட்டறவன். எங்க கோயில் விசயத்துல உனக்கென்ன பேச்சு?"

"கெடா வெட்டறவந்தானுங்க சாமி. எங்க கோயில்லயும் என்ன உள்ள உட மாட்டாங்க. ஆனா அல்லாரும் ஒண்ணுன்னு எங்க சாமி எனக்கு ஒருநாளும் சொன்னதில்லீங்க. உங்க சாமி சொல்லித்தானுங்க எங்கக்கா வந்தா."

அவரு துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு உள்ள போயிட்டாரு.

நா திரும்பி சாமியாருகிட்ட வந்தேன். அதுக்குள்ள அவரு வேற ஆளா இருந்தாரு. பெரியவரு ஊட்டுலருந்து அவருக்கும் சேதி வந்திருக்குது போல. சண்டை வேண்டாம், பூசையே நின்னு போயிரும், உங்கக்கா ஆத்துமா எங்கயோ போய்ச் சேந்துருச்சு, பொட்டியில என்ன இருக்குதுன்னு நெம்ப நயமாச் சொன்னாரு. பொட்டியில ஒண்ணுமில்லைன்னா அவங்க ஏனுங்க குடுக்க மாட்டேங்கறாங்கன்னு கேட்டேன். கெட்டவரில்லைங்க அவரு. கெட்டவரா இருந்திருந்தா எனக்கு இவ்வளவு கசந்திருக்காது.

ஆஸ்பத்திரித் திண்ணையில அக்காவக் கெடத்தியிருந்தாங்க. கோயில் பெரியவரு சம்சாரம் வந்து அக்கா கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டு அழுதுச்சு. மருமவ வந்து காலக் கட்டிக்கிட்டா. பொய் அழுவையில்ல, நெசமாத்தான் அழுதாங்க. கையத் தொடலாம், காலத் தொடலாம், பொட்டிக்குள்ள மட்டும் படுக்க வெக்கக்கூடாது. அதப் பாத்துக்கிட்டு எப்படி நின்னேன்னு எனக்கே தெரியல.

அப்பத்தான் கோயில் பெரியவரு சின்ன மவன் நாலஞ்சு பசங்களோட வந்தான். தேர்க்கொட்டாய்ப் பொட்டியத் தூக்கிட்டு வாரான். தண்ணி சொட்டுது. பினாயில் வாசம் தெருவே அடிக்குது. கோழிப்பீயெல்லாம் சுரண்டி, தேச்சுக் கழுவி, சம்பங்கி மாலை சுத்தியிருந்தாங்க. எனக்கு எதுக்க வெச்சுட்டு, வேர்வையத் தொடைச்சுக்கிட்டு சொல்றான்:

"அண்ணா, பாருங்க. நாங்களே எறங்கிக் கழுவிட்டம். புதுசு மாதிரி ஆயிருச்சு."

சந்தோசமாச் சொன்னானுங்க. நா அழுக்குக்குத்தான் கோவிச்சுக்கிட்டேன்னு நெனச்சுட்டான். படிச்ச பையன், சேலத்துல காலேஜு போறவன். அவன் என்ன அண்ணான்னு கூப்பிட்டது பெரிய மனசு. அவன் கையால அந்தப் பொட்டியக் கழுவுனது அதவிடப் பெரிய மனசு. அத்தன மனசும் இருந்து, பீடத்துக்குப் பின்னாடி ரூம்புல இருக்கற பொட்டிய எடுத்துக் குடுக்கலாம்னு மட்டும் அவன் மண்டைக்கு எட்டல. இன்னிக்கும் பினாயில் வாசம்னா எனக்கு ஆவாது. எம் பேரன் ஊட்டுக் கக்கூசுக்கு ஊத்துனாக்கூட நா வெளிய போயிருவேன்.

இதுல வெக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். எங்க சனமே எங்கிட்ட வந்து கெஞ்சுச்சு. அவங்க தோட்டத்துல வேல செஞ்சு பொழைக்கறவங்க, நீ நாளைக்கு நாமக்கல்லுக்குப் போயிருவ, நாங்க இங்க கெடக்கணும்னாங்க. நெசந்தான். ஆனா நா அக்காளுக்குச் செரின்னு சொல்லியிருக்கறேனே.

அங்க இருந்த மலையாளத்து சிஸ்டரு அது வரைக்கும் செவுத்தோரமா நின்னு செபமாலை உருட்டிக்கிட்டு இருந்துச்சு. என்ன நெனச்சுச்சோ, உள்ள போயி, பிரசவம் பாக்கற இரும்புக்கட்டில இழுத்துட்டு வந்து வெளிய போட்டுச்சு. "இதுல கொண்டு போ. இதுல படுத்தவங்க அல்லாரும் இவ கைபட்டவங்கதான்"னுச்சு.

அதுல கெடத்தி, சிஸ்டரே சொல்லிருச்சுன்னு துணிஞ்சு வந்த எங்காளுங்க நாலு பேரும் நானுமாத் தூக்குனோம். மூஞ்சி தெரிய, வெள்ளச்சீலையோட. பக்கத்து வாசலுக்குப் போகல. நேரா முன்வாசலுக்குப் போனோம். கதவு சாத்தியிருந்துச்சு. படியில அவங்காளுங்க கைய கட்டிக்கிட்டு நின்னாங்க. நாங்களும் கட்டில எறக்காம நின்னோம். வெயிலு மண்டையப் பொளந்துச்சு. கடைசியா சாமியாரு அங்கி போட்டுக்கிட்டு சுத்தி வந்து, தெருவுல நின்னே மந்திரம் சொல்லித் தண்ணி தெளிச்சாரு. கல்லறைக்கு வரல. அங்கயும் நடுவால செவுரு இருந்துச்சு. எங்க சனத்துப் பக்கம் பொதைச்சோம்.

கோழிப்பொட்டியில வெக்கல. முன்வாசல்ல நொழைக்கவும் முடியல. அவ கேட்டதுல பாதிதான் நா செஞ்சேன்.

அப்பறம் கேளுங்க. கட்டிலக் கழுவித் திருப்பிக் கொண்டாந்து வெச்சா, அவங்க ஊட்டுப் பொம்பளைங்க ஒருத்தியும் அதுல படுக்க மாட்டேன்னுட்டாளாம். சாவுத்தீட்டாம். வேதத்துல ஏதுங்க தீட்டு? சிஸ்டரும் இதையே கேட்டுப் பாத்துச்சாம். புதுக்கட்டில் வாங்கற வரைக்கும் எங்க சனத்துப் பொம்பளைங்கதான் அதுல பெத்தாங்க.

நல்லதா கெட்டதான்னா, நா என்னங்க சொல்றது? எங்க ஊரு அசிங்கம் வெளிய கெடக்கும், தூரத்துலயே நாறும், நாமளே ஒதுங்கிப் போயிருவோம். அங்க அதே அசிங்கத்தத் தேச்சுக் கழுவி, மாலை போட்டு, அண்ணான்னு கூப்பிட்டு எங்கிட்டக் குடுத்தாங்க. எனக்கு அதுதான் தாங்கல. அந்த சாமி மேல எனக்குக் கோவமில்ல. அந்த சாமிய நம்பிப் போனவளத் தெருவுல நிறுத்துனாங்களே, அவங்கள நெனச்சாத்தான் சோறு எறங்க மாட்டேங்குது.

அவ கையில பொறந்தவங்க இப்ப சேலத்துலயும் பெங்களூருலயும் வெளிநாட்டுலயும் நல்லா இருக்காங்களாம். இருக்கட்டும். நீங்க நாலு எடம் போறவங்க. ஓமலூருக்கு மேக்கால எங்க ஊரு, அங்க மடத்து ஆஸ்பத்திரியிலதான் பொறந்தேன்னு எவனாச்சும் உங்ககிட்டப் பெருமையாச் சொன்னான்னா, உன்னக் கையில வாங்குனவள எதுல வெச்சுக் கொண்டுபோனாங்கன்னு தெரியுமான்னு ஒரு வார்த்தை கேளுங்க. தெரியாதும்பான். அவனுக்கு ஆரு சொல்லியிருப்பா? நீங்களாச்சும் அவனுக்குச் சொல்லுங்க சாமி.