வெங்கடேஸ்வரி வீட்டில் பால் காய்ச்சியவர்கள்

வெங்கடேஸ்வரியை நினைத்தால் எனக்கு இரண்டு பேர் மேல் கோபம் வரும். அவளை ஏமாற்றியவன் மேல் ஒரு கோபம். சாவியைத் தூக்கிக் கொடுத்த அவள் மேல் இன்னொரு கோபம்.

ராஜபாளையத்தில் ஆறு வீடு கொண்ட மாடிக் கட்டடம். கீழே நான் குடியிருந்தேன், எனக்கு நேர் மேலே அவள். புருஷன் லாரியோடு வடக்கே போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை பார்த்து, ஒற்றை மகள் பாண்டீஸ்வரியைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்ததெல்லாம் அந்த மேல்வீட்டில் இருந்துதான். குழாயில் தண்ணீர் வராவிட்டால் நான் ஹவுஸ் ஓனரிடம் சண்டைக்குப் போவேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவாள். யார் மனமும் நோகக் கூடாது அவளுக்கு. அப்படிப்பட்ட தலையில்தானே எல்லோரும் மிளகாய் அரைப்பார்கள்.

பெரிய ஓனர் இறந்ததும் மகன் கௌதம்ராஜ் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். கட்டடத்துக்குப் பெயிண்ட் அடித்தான். வாசலில் 'ரெசிடென்சி' என்று பலகை மாட்டி, கதவுக்குக் கதவு நம்பர் ஒட்டினான். நமக்குத்தான் செய்கிறான் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஆறு வீட்டையும் தனித்தனி ஃபிளாட்டாக விற்கிறான் என்பதைப் பெயிண்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். வாங்குகிறீர்களா என்று கேட்க வேண்டாம், விற்கிறேன் என்றாவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? குடித்தனக்காரர்கள் என்றால் கறிவேப்பிலையா? என் வீட்டை வாங்கியவர் வெளியூர்க்காரர், வாடகை வந்தால் போதும் என்று என்னை விட்டுவைத்தார். அவளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அப்போது பாண்டீஸ்வரி வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்திருந்தாள். ஆனியில் பிரசவம். ஆஸ்பத்திரியில் பெற்றாலும் பிள்ளையைக் கொண்டுவந்து கிடத்த ஓர் இடம் வேண்டுமே. மகள் பிள்ளை பெற்று எழுந்து நடமாடும்வரை வீடு வேண்டும் என்று வெங்கடேஸ்வரி கௌதம்ராஜிடம் கேட்டாள். சரி என்றான். என் காதால் கேட்டேன்.

வைகாசிக் கடைசியில் மறுபடி வந்தான். மேல்வீட்டை வாங்கியவர்கள் சுந்தரபாண்டியத்துக்காரர்கள். மகன் பட்டாளத்தில் இருக்கிறான். வைகாசி போனால் ஆனியும் ஆடியும் புதுவீடு புக ஆகாது. அதனால் ஒரு காலை மட்டும் வந்து பால் காய்ச்சிவிட்டுப் போவார்களாம். குடிவருவது ஆவணியிலாம். அதுவரை அக்கா இருந்துகொள்ளலாமாம். பால் காய்ச்சும்போது பழைய ஆளின் சாமான் மட்டும் கண்ணில் படக் கூடாது என்றான்.

"சாவியக் குடுக்காத ஏட்டி. உன் அடுப்புல அடுத்தவிய பால் பொங்க விட்டா, பொறவு அது அவிய வீடு" என்றேன்.

"நல்ல காரியத்துக்குக் கேக்காவ. மாட்டேன்னு சொல்ல வாய் வருமாக்கா?" என்றாள்.

அதோடு விட்டாளா? சட்டி பானை, சாமி படம், கட்டில் எல்லாவற்றையும் மொட்டைமாடிக்கு ஏற்றினாள். வீட்டைக் கழுவினாள். அடுப்பு மேடைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள், வாசலில் கோலம் போட்டாள், மாவிலை கூடக் கட்டினாள். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தங்கை ஆனந்தவல்லி வீட்டுக்குப் பஸ் ஏறினாள். சாயங்காலம் திரும்பினால் கதவில் புதுப் பூட்டு.

போனில் கௌதம்ராஜ் பதறவே இல்லை. வீட்டைக் காலி செய்து, கழுவி, கோலமும் போட்டுக் கொடுத்தவர் நீங்கள்தானே என்றான். தெருவும் அதையே சொன்னது. பால் பொங்கிய வீட்டில் பழைய ஆள் திரும்பப் புகுந்தால் வாங்கியவர்களுக்கு ஆகாதாம். என் வீட்டுக்காரர்கூடத் தலையாட்டினார். அன்று அவருக்கு நான் சோறு போடவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி மாடிப்படியில் கால் வீங்கி உட்கார்ந்திருக்கிறாள், இவர்களுக்குச் சாஸ்திரம் கேட்கிறது.

வாங்கிய அம்மாள் பெயர் நாச்சியார். அவரிடம் நானே போனில் பேசினேன். குடித்தனக்காரர்கள் காலி செய்துவிட்டதாகத்தான் கௌதம்ராஜ் சொன்னானாம். ஐயோ பாவம் என்றார். பூட்டைத் திறக்க மட்டும் மனம் வரவில்லை. நாங்களே குடிபுகாத வீட்டில் அடுத்தவர் பிள்ளைப்பேற்றுத் தீட்டா என்று கேட்டார். போலீசுக்குப் போவோம் என்று குதித்தேன். இந்த நிலையில் மகளை ஸ்டேஷன் வாசலில் நிறுத்த மாட்டேன் என்று வெங்கடேஸ்வரி சொல்லிவிட்டாள்.

தங்கை வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கூரை அறைக்குத்தான் பேத்தியைக் கொண்டுவந்தாள். நான் பார்க்கப் போனபோது பிஞ்சு உடம்பெல்லாம் வேர்க்குரு. வெங்கடேஸ்வரி விசிறிக்கொண்டே இருந்தாள்.

ஆவணி வந்தது, போனது. நாச்சியார் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. மருமகளும் அவனிடமே போய்விட்டாள். மேல்வீட்டுக்கு யாருமே வரவில்லை. அங்கே ஒரு குழந்தை கிடந்திருந்தால் யார் குடி முழுகியிருக்கும்?

கார்த்திகையில் நாச்சியார் வெங்கடேஸ்வரிக்குப் போன் செய்தார். நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டாள். புதுவீடு இருண்டு கிடக்கக் கூடாதாம். கம்பெனிக்கு வருகிற வழியில் வெள்ளிக்கிழமைதோறும் பெருக்கி விளக்கேற்றிவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார். சாவியை நம்பிக் கொடுக்க உன்னைப்போல் ஆள் கிடைக்காது என்றார்.

என் வாயில் வந்ததை அடக்கிக்கொண்டேன். வெங்கடேஸ்வரி பேத்தியைத் தோளில் மாற்றிப் போட்டாள்.

"வாரேம்மா. எம் மகளும் வருவா, பேத்தியும் வருவா, சட்டி பானையும் வரும். பூட்டு மட்டும் நான் கொண்டாறேன்."

போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"கேட்டுச்சாம்மா?" என்றாள். அவள் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன்.