சாமிக்குப் பக்கத்தில் போன பிளாப்பி

அந்தக் காலத்தில் கூடலூரில் தமிழில் டைப் அடிக்க வேண்டுமென்றால், பஸ் நிறுத்தத்துக்கு எதிர்மாடியில் பூமாரியிடம்தான் போவார்கள். தட்டச்சில் ஹையர் முடித்தவள். காலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால், கீழே ஜீப்காரர்கள் "குமுளி, குமுளி" என்று கூவுவது கூட அவள் காதில் விழாது.

அவள் கைக்கு வந்ததிலேயே பெரிய வேலை 2001-இல் வந்தது. குமுளியில் அச்சகம் வைத்திருந்த கர்ணன், ஒரு கும்பாபிஷேக மலரை டைப் செய்யக் கொடுத்தார். அதை நன்றாக முடித்தால் அச்சக வேலை முழுக்க அவளுக்கு. அடிக்க அடிக்கப் பிளாப்பி டிஸ்கில் ஏற்றி, குமுளிக்கு ஜீப் ஓட்டும் சுருளிவேலிடம் கொடுத்து அனுப்புவாள். மலைமேல் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கர்ணனிடமிருந்து போன் வரும்.

"ஏம்மா, இன்னைக்கும் பைல் தொறக்கல. தொறந்த பக்கமும் கட்டங் கட்டமா நிக்கிது."

அனுப்பும்முன் அவளிடம் ஒழுங்காகத் திறந்த பைல். எழுத்துருவைச் சந்தேகப்பட்டாள். வைரஸைத் துடைத்தாள். புதுப் பிளாப்பி வாங்கினாள். இரண்டு பிரதி அனுப்பினாள், இரண்டும் கெட்டுப்போயின.

"இன்னொருக்க இப்பிடி ஆச்சுன்னா கம்பத்துல வேற ஆளுகிட்டக் குடுத்துருவேன். கோவில்காரக வையிறாக," என்றார் கர்ணன்.

மறுநாள் அவளே கிளம்பினாள். ஒரு பிளாப்பியை வழக்கம்போல் சுருளிவேலிடம் கொடுத்தாள், அதே பைலின் இன்னொரு பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஜீப்பின் பின்னால், ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்தாள். லோயர் கேம்ப் தாண்டி வளைவுகளில் ஏறும்போது பாட்டு காதைப் பிளந்தது.

அச்சகத்தில் சுருளிவேல் கொடுத்தது திறக்கவில்லை. கைப்பையில் வந்தது ஒரு எழுத்துக் குறையாமல் திறந்தது. பூமாரி ஜீப்புக்கு ஓடினாள்.

"அண்ணே, பிளாப்பிய எங்கன வச்சுக் கொண்டாந்தீக?"

"சாமி பக்கத்துலதான். உம் பொழப்புல்ல தாயி, கண்ட எடத்துல போடுவனா?"

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சிவப்புப் பட்டு விரித்த ஒரு பெட்டி. அதன்மேல் சாமி படம், கதம்பம். துணியைத் தூக்கிப் பார்த்தால் அந்தப் பெட்டிதான் ஸ்பீக்கர்.

"ஸ்பீக்கர்ல காந்தம் இருக்குண்ணே. அதுதான் பிளாப்பில இருக்கிறத அழிச்சிருக்கு."

சுருளிவேலுக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்ப இம்புட்டு நாளா நாந்தான் கெடுத்தேனா?"

"சாமிக்கே மலரு பிடிக்கலயோ என்னமோ," என்று வாசலில் நின்ற கர்ணன் சிரித்தார். "மிச்சப் பக்கத்தையும் எடுத்துட்டுப் போம்மா. நீயே முடிச்சிரு."

அதன்பிறகு பல வருடம் அந்த அச்சகத்து வேலையெல்லாம் பூமாரியுடையதுதான். பிளாப்பி, சுருளிவேலின் சட்டைப் பையில் ஏறிப்போகும். அது ஜீப்பில் இருக்கும்வரை அவர் பாட்டும் போட மாட்டார்.

"பாட்டு இல்லாட்டியும் காந்தம் காந்தந்தாண்ணே. சட்டைப் பைல இருந்தாப் போதும், பாட்டப் போடுங்க," என்று பூமாரி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள்.

"எதுக்கு வம்பு?" என்பார்.

தோட்டத்துப் பெண்கள்தான் பாவம், வாய்க்கு வந்தபடி அவரை ஏசிக்கொண்டே மலையேறினார்கள்.