அண்ணனின் வெங்காயப் பட்டறை

அந்த நான்கு நாள் பயணத்துக்கு நாங்கள் வைத்த பெயர் 'ரெஸ்ட்'. வைத்தவர் என் கணவர். ஆயுத பூஜை, விஜயதசமி, அதோடு ஒட்டிக்கொண்டு சனி, ஞாயிறு. சென்னையிலேயே இருந்தால் துணி துவைத்தே விடுமுறை தீர்ந்துவிடும், உன் அண்ணன் ஊருக்குப் போய்ச் சும்மா கிடப்போம் என்றார். யார் சும்மா கிடப்பது, யார் உழைப்பில் கிடப்பது என்று நான் கேட்கவில்லை. எனக்கும் ஆசைதான். அண்ணன் வீடு எனக்குப் பிறந்த வீடு, அங்கே போக யாரைக் கேட்க வேண்டும் என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. இந்தக் கதையே அந்தத் திமிரைப் பற்றியதுதான்.

வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அண்ணனுக்கு இரண்டு ஏக்கர் காடு. எங்கள் பக்கம் மேட்டு நிலத்தைக் காடு என்போம், மரங்களை எதிர்பார்த்து யாரும் வரக்கூடாது. கரிசல் மண், ஒரு கிணறு, ஓரத்தில் ஓடு போட்ட வீடு, இரண்டு மாடுகள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. அண்ணனும் அண்ணியும் மட்டும் இருக்கிறார்கள். அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்று நிலத்துக்கு வந்தார். நான் படித்து டீச்சரானேன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

வியாழக்கிழமை காலை நாங்கள் போய் இறங்கியபோது அண்ணன் மண்வெட்டி, களைக்கொத்து, மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். கடைசியாகப் பட்டறையின் நான்கு மூலைக் கற்களுக்கும் வைத்தார். வெங்காயம் சேமிக்கிற கூண்டைத்தான் எங்கள் ஊரில் பட்டறை என்கிறோம். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கல் வைத்து, அதன்மேல் கட்டைகள் பரப்பி, நாலு பக்கமும் மூங்கில் தட்டி கட்டி, மேலே தென்னங்கீற்று வேய்ந்திருக்கும். ஆள் உயரத்துக்கு உள்ளே சின்ன வெங்காயம். தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்தால் சிவப்புச் சிவப்பாகத் தெரியும்.

"ஆடியில புடுங்கி அடைச்சது பாப்பா. வியாபாரி ரெண்டு தடவை வந்து கேட்டான், தரமாட்டேன்னுட்டேன். ஐப்பசி நடவுக்கு இதான் வெதை. வெளிய வாங்குற வெதைய நம்ப முடியல, வாங்குற நெலமையும் இல்ல" என்றார் அண்ணன். அப்படியே ஒரு வெங்காயத்தை இடுக்கு வழியாக இழுத்து, தோலை ஊதி, என் மகளிடம் கொடுத்தார்.

என் மகளுக்குப் பதிமூன்று வயது. "ஏம்மா இதுக்குச் சுவர் இல்ல? சைடெல்லாம் ஓட்டையா இருக்கு?" என்று கேட்டாள்.

"செங்கல் செலவு மிச்சம்டி" என்றேன் நான்.

அண்ணன் என்னைப் பார்த்தார். சிரித்தார். அன்றே அவர் திருத்தியிருக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். பழியை எங்கேயாவது இறக்கி வைக்க இடம் தேடுகிற புத்திதான், வேறென்ன.

வெள்ளிக்கிழமை விடியும்போதே போன் வந்தது. ஆண்டிமடத்தில் அண்ணியின் சித்தப்பா இறந்துவிட்டார். முந்திரிக் காட்டுக்காரர், அண்ணியை வளர்த்தவர். அண்ணனும் அண்ணியும் உடனே கிளம்பினார்கள். எங்களையும் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. அடக்கமும் மறுநாள் பால் தெளிப்பும் முடிந்து ஞாயிறு காலை வந்துவிடுவோம் என்றார்கள். அண்ணன் பைக்கை உதைத்துக்கொண்டே சொன்னார்.

"மாட்டுக்குத் தண்ணி மட்டும் காட்டிடு பாப்பா. மத்தபடி நீ எதையும் தொட வேணாம். நல்லா ரெஸ்ட் எடுங்க."

எதையும் தொட வேணாம். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இந்தக் காட்டில் பள்ளிக்கூடம் விட்டு வந்து களை வெட்டியவள் நான். மாடு அவிழ்த்துக் கட்டியவள். என் கணவருக்கு எதிரே, மாம்பாக்கத்து அபார்ட்மெண்டில் பிறந்து வளர்ந்த என் பிள்ளைகளுக்கு எதிரே, என்னிடம் போய் 'தொட வேணாம்' என்கிறாரே என்று இருந்தது.

மத்தியானம் மலைப்பக்கம் கறுத்தது. காற்று கிளம்பிக் கீற்றைத் தூக்கியது. முதல் தூறல் சாய்வாக அடித்துப் பட்டறையின் மேற்குத் தட்டியை நனைக்க ஆரம்பித்தது. மாட்டுக் கொட்டகையில் நீலத் தார்ப்பாய் ஒன்று மடித்துக் கிடந்தது. எனக்கு உடம்பில் ஒரு வேகம் வந்தது. கணவரைக் கூப்பிட்டேன், பிள்ளைகளைக் கூப்பிட்டேன். நாலு பேரும் நனைந்துகொண்டே தார்ப்பாயைப் பட்டறைமேல் இழுத்துப் போட்டு, நாலு பக்கமும் தரை வரை இறக்கி, கயிறு சுற்றி இறுக்கிக் கட்டினோம். காற்று தூக்கிவிடாமல் அடியில் கல் வைத்தோம். ஓர் இடுக்கு விடவில்லை. என் கணவர் கட்டிய முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்து நானே மறுபடி கட்டினேன்.

மழை ஒரு மணி நேரம் பெய்தது. விட்டதும் தலை ஈரத்தோடு பட்டறை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'காட்டுக்காரின்னா சும்மாவா' என்று ஒரு பெரியம்மா மகள் எழுதினாள். அதை மூன்று முறை படித்தேன். அண்ணனிடம் இருப்பது பட்டன் போன், அதில் இதெல்லாம் வராது. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சாவு வீட்டில் இருக்கிற மனுஷனை இதற்குப் போய்த் தொந்தரவு செய்வதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவர் வந்து பார்த்து அசந்துபோக வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் புரட்டாசி என்பார்கள். சனிக்கிழமை பொன்னுருகக் காய்ந்தது. காலை காபி குடிக்கும்போது என் கணவர், "அந்த ஷீட்டை எடுத்துடலாமா? வெயில் அடிக்குதே" என்றார். "உங்களுக்கு என்ன தெரியும், சாயங்காலம் மறுபடி வரும்" என்றேன். காரை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனோம். ஓடையில் புதுத் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. புளியோதரை சாப்பிட்டோம். பிள்ளைகள் தண்ணீரில் கிடந்தார்கள். நான் பாறையில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கினேன், பல மாதங்களில் அப்படித் தூங்கியதில்லை. பொய் சொல்லக்கூடாது, அந்த வருடத்தில் நான் சந்தோஷமாக இருந்த நாள் அதுதான். நான் தூங்கிய நேரமெல்லாம் அண்ணனின் விதை நீலத் தார்ப்பாய்க்குள் வெந்துகொண்டிருந்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அழுது அண்ணிக்கு முகம் வீங்கியிருந்தது. அண்ணன் பைக்கை ஸ்டாண்டு போடவில்லை, அப்படியே கீழே சாய்த்துவிட்டு ஓடினார். என்னுடைய முடிச்சு அவிழவில்லை, அரிவாளால் அறுத்தார். தார்ப்பாயை இழுத்ததும் ஆவி வந்தது. அதோடு நாற்றமும் வந்தது. அழுகிய வெங்காய நாற்றத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை, எல்லோர் வீட்டுக் கூடையிலும் ஒன்றிரண்டு அப்படிக் கிடந்திருக்கும். இது ஆள் உயரத்துக்கு இருந்தது. அண்ணன் தட்டியை விலக்கித் தோள் வரை கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்தார். கட்டை விரலால் அமுக்கினார். விரல் உள்ளே போனது.

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டு, "அய்யோ, இதுக்குக் காத்து வேணும்னு..." என்று ஆரம்பித்தார்.

"நீ உள்ள போயி பாப்பாவுக்குக் காபி போடு" என்றார் அண்ணன். குரல் உயரவில்லை. "கிளம்புற நேரம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தாவரங்களின் சுவாசம் என்று ஒரு பாடம். பறித்த பிறகும் கிழங்கும் விதையும் மூச்சு விடும், மூச்சு விட்டால் சூடு வரும், ஈரம் வரும். பதினேழு வருடமாகக் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறேன். அந்த இடுக்குகளெல்லாம் அதற்குத்தான். தார்ப்பாயை மழை அடிக்கிற பக்கம் மட்டும் பிடிக்க வேண்டும், விட்டதும் எடுத்துவிட வேண்டும். நான் நாலு பக்கமும் கழுத்தை நெரித்து, முடிச்சையும் சரிபார்த்திருக்கிறேன்.

"ண்ணே, நான்தான்..." என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அட, எதுக்கு அழுவற? பாதி நல்லாத்தான் இருக்கு. அள்ளிக் காய வச்சா சரியாப் போயிடும். நீ நல்லதுக்குத்தான செஞ்ச."

பிறந்த வீட்டுக்கு வந்த பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். போனால் அந்த வீடு விளங்காது என்பார்கள். அண்ணன் அந்த வழக்கத்தை என்மேல் தார்ப்பாய் மாதிரி போட்டு மூடினார். பாதி நல்லாத்தான் இருக்கு என்றதை நான் நம்பினேன். நம்பினால்தான் காரில் ஏற முடியும்.

ஏறும்போது அண்ணி ஒரு சாக்குப் பை நிறைய வெங்காயம் கொண்டுவந்து டிக்கியில் வைத்தார். வேண்டாம் என்றேன். "வெறுங்கையோட போவியா? நல்லா இருக்கு கதை" என்றார் அண்ணன். பையைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் காய்ந்து, கெட்டியாக, பளபளவென்று இருந்தது. பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. பாதி நல்லாத்தான் இருக்கிறது, இதோ சாட்சி என்று நினைத்தேன்.

அந்த வெங்காயத்தை ஐப்பசி முழுக்கச் சாப்பிட்டோம். சாம்பார் வைத்தால் தெரு வரை மணக்கும். என் மகள் வதக்கிய வெங்காயத்தைத் தனியாக எடுத்துத் தின்பாள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன், எங்கள் அண்ணன் காட்டு வெங்காயம் என்று பெருமையாகச் சொல்லி. நடுவில் இரண்டு முறை போனில் "நட்டாச்சா ண்ணே?" என்று கேட்டேன். "ஆச்சு, ஆச்சு. மொளச்சு வருது" என்றார் அண்ணன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

கார்த்திகையில் பெரம்பலூரில் ஒரு கல்யாணம். தனியாகப் போயிருந்தேன். முகூர்த்தம் முடிந்ததும், சொல்லாமல் போய் நிற்கலாம் என்று பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போனேன். ரோட்டிலிருந்து பார்க்கும்போதே தெரிந்தது. இரண்டு பக்கத்துக் காடுகளிலும் வெங்காயத் தாள் பச்சைப் பசேலென்று முழங்காலை எட்டிக்கொண்டிருந்தது. நடுவில் அண்ணன் காடு உழுதபடி கிடந்தது, உழவுக்கு மேலே கோரை முளைத்திருந்தது. பட்டறை இருந்த இடத்தில் நாலு கற்கள் மட்டும் இருந்தன.

வீடு பூட்டியிருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்தேன். பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவும் எனக்கே கூச்சமாக இருந்தன. மூன்று மணிக்கு மேல் அண்ணி பக்கத்துக் காட்டிலிருந்து வரப்பில் நடந்து வந்தார். கையில் களைக்கொத்து, முழங்கை வரை கரிசல்.

"எப்ப வந்த? ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?" என்றார். பிறகு நான் காட்டைப் பார்ப்பதைப் பார்த்தார். "அவங்க காட்டுல களை எடுப்பு. கூலிக்குப் போறேன். உங்க அண்ணன் டவுன்ல மில்லு வேலைக்குப் போறாரு. அடுத்த பட்டத்துக்குப் பாத்துக்கலாம்."

"பாதி நல்லா இருக்குன்னு சொன்னாரே அண்ணி?"

அண்ணி கையைத் தேய்த்து மண்ணை உதிர்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு சொன்னார்.

"எங்க பாதி? அன்னைக்கு நீ குளிச்சுக் கிளம்புறதுக்குள்ள ரெண்டு பேரும் ஒக்காந்து பொறுக்கினோம். தேறினது அந்த ஒரு பைதான். அதத்தான் ஒனக்குக் கட்டுனோம்."

விதை நெல்லைக் குத்தித் தின்றவர்கள் என்று ஊரில் உருப்படாதவர்களைச் சொல்வார்கள். நான் அண்ணனின் விதையை ஐப்பசி முழுக்கச் சாம்பார் வைத்துத் தின்றிருக்கிறேன், பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் கொடுத்திருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தது. அண்ணன்மேல்தான் வந்தது, நியாயமில்லை என்று தெரிந்தும் வந்தது.

"ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே அண்ணி. அறைஞ்சிருந்தாக்கூட வாங்கிக்கிட்டு இருந்திருப்பேனே. சின்ன வயசுல மோட்டாரை ஓட விட்டுட்டுத் தூங்கினதுக்குப் புளிய விளாரால அடிச்சவருதானே?"

"அப்ப நீ இந்த வூட்டுப் புள்ள" என்றார் அண்ணி. அவர் குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "இப்ப ரெண்டு நாள் ரெஸ்ட் எடுக்க வர்றவ. வந்தவங்களத் திட்டுவாங்களா?"

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது, போயிட்டு வரேன் என்று எழுந்தேன்.

"இரு இரு, வெறுங்கையோட போகாத. உங்க அண்ணன் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?" என்று அண்ணி பூட்டைத் திறந்து உள்ளே போனார். வேண்டாம் என்று கத்தியிருக்க வேண்டும், அல்லது அப்படியே நடந்திருக்க வேண்டும். வாசலிலேயே நின்றேன். உள்ளே அவர் டப்பாக்களின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து மூடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.