கப்பலிலிருந்து இறங்காதவன்

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தேடவில்லை, நானும் அதைத் தேடிப் போகவில்லை. ஆனாலும் எங்கள் தெருவில் நாவல் வாசிக்கிற பெண்கள் கூடுகிற இடத்தில் எனக்கென்று ஒரு பாய் நுனி இருந்தது. இரக்கப்பட்டு யாரும் கொடுத்ததில்லை. ஒரு வரி சொல்லி நானே வாங்கியது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தூத்துக்குடியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி அத்தை வீடு. மாமா வெளிநாட்டுக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவர். அவரிடமிருந்து கடிதம் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மதியத்தில் ஆண்கள் கடலிலும் துறைமுகத்திலும் இருக்கும்போது பெரியம்மாவும் சித்தியும் எதிர்வீட்டு அக்காவும் அத்தை வீட்டில் வந்து உட்காருவார்கள். மடியில் லேஸ் பின்னல் கிடக்கும். அதற்கு அடியில் நாவல்.

கதைப்புத்தகம் வாசிக்கிற பெண் குடும்பத்துக்கு ஆகாது என்பது அதே வீட்டில் இருந்த தாத்தாவின் சட்டம். அதனால் புத்தகம் ஒன்று கைக்கு வந்ததும் அத்தை அதன் அட்டையையும் பேர் போட்ட ஏட்டையும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவாள். மிச்சத்தைப் பழைய செபப்புத்தக அட்டைக்குள் வைத்துத் தைத்துவிடுவாள். தாத்தா எட்டிப் பார்த்தால் நான்கு பெண்கள் தலை குனிந்து செபத்தில் இருப்பார்கள். இவ்வளவு பக்தி வேறெந்த வீட்டிலும் கிடையாது என்று அவர் மாதா கோவில் வாசலில் சொல்லிக்கொண்டது எனக்குத் தெரியும்.

பேர் போய்விட்ட புத்தகத்தை எப்படிக் கேட்டு வாங்குவது? முதல் வரியைச் சொல்லித்தான். "மழை விட்டதும் மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டார்கள்" என்றால் சித்தியின் புத்தகம். பெரியம்மாவுக்கு உயிரான வரி வேறு: "ஊர் முழுவதற்கும் தெரிந்துவிட்டது, அவளுக்கு மட்டும் தெரியவில்லை." அதைச் சொல்லிவிட்டு, "இதுக்கு மேல ஒருத்தன் என்னத்தளா எழுதணும்?" என்று சுற்றிலும் பார்ப்பாள், தானே எழுதியதுபோல. நாளடைவில் அது வழக்கமாகிவிட்டது. வாசலில் நின்று தனக்குப் பிடித்த முதல் வரி ஒன்றைச் சொன்னால்தான் பாயில் இடம்.

எனக்கு ஒன்பது வயது. வரி இல்லாதவள். முற்றத்தில் காய்கிற கருவாட்டுக்குக் காக்கை விரட்ட உட்கார்த்தி வைத்திருந்தார்கள். காக்கைக்கும் எனக்கும் அந்த வீட்டில் ஒரே மரியாதை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வாசலில் போய் நின்று சொன்னேன்: "கப்பல் வந்துவிட்டது, அவன் மட்டும் இன்னும் இறங்கவில்லை."

பின்னல் ஊசிகள் நின்றன.

"அது என்ன புத்தகம்ளா?" என்றாள் சித்தி.

"அட்டை இல்ல. வேம்பாருக்குப் போயிருந்தப்ப அங்கன ஒரு வீட்டுல வாசிச்சேன்."

பெரியம்மா சிரித்தாள். "'அம்மா', 'ஆடு'ன்னு எழுத்துக்கூட்டவே மூணு நாள் எடுப்பா. இவ நாவல் வாசிச்சாளாம். கருவாட்டப் போய்ப் பாருளா."

எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. திரும்பி நடக்கப் பார்த்தேன். அப்போது அத்தை தன் பாயின் நுனியைக் கையால் தட்டினாள்.

"இங்கன வந்து உக்காரு. அவன் ஏன் இறங்கல?"

அத்தைதான் அந்தக் கூட்டத்தில் அதிகம் வாசித்தவள். அவள் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் எங்கள் கரைக்கு வராது. கடலில் வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் படகில்தான் கரை சேரவேண்டும். அதனால் எனக்குச் சொல்ல நிறையக் கிடைத்தது. அன்றைக்குக் காற்று அதிகம், படகு போகவில்லை என்றேன். மறுநாள் ஒரு நோயாளிக்குத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டான். அதற்கு மறுநாள் டிரங்குப் பெட்டியின் சாவியைக் காணவில்லை.

"தொலைஞ்ச சாவிய ஒரு வாரமாவா தேடுவான்?" என்று பெரியம்மா முனகுவாள்.

"நீங்க சும்மா இருங்க மதினி. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு," என்பாள் அத்தை.

ஒருநாள் எனக்கே அலுத்துப்போய் அவனைப் படகில் ஏற்றப் பார்த்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவசரப்படாத தாயி. ஏட்ட மெதுவாத் திருப்பு." கதை அவ்வளவு ருசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கப்பல் நாலு மாதம் அங்கேயே நின்றது.

பிறகு ஒரு மதியம் நான் போனபோது யாரும் வரி சொல்லவில்லை. அத்தை முகம் கழுவி, தலை சீவி உட்கார்ந்திருந்தாள். மடியில் செபப்புத்தக அட்டை.

"இன்னைக்கு அவன் இறங்கட்டும்," என்றாள்.

"இன்னும் நெறய ஏடு இருக்கே அத்தை," என்றேன். என்னிடம் இன்னும் ஒரு மாதத்துக்குத் தடங்கல்கள் இருந்தன.

"இருக்கட்டும். இறக்கி விட்டுரு."

இறக்கினேன். நூலேணி வழியாகப் படகுக்கு, படகிலிருந்து ஆள் இறங்குகிற துறைமுகப் பாலத்துக்கு, டிரங்குப் பெட்டியைச் சுமக்க ஆள் பிடித்து, கோவிலைக் கும்பிட்டு, தெருவுக்குள் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

"வாசல்ல நின்னு என்ன சொன்னான்?" என்று கேட்டாள் அத்தை.

அதை நான் யோசித்து வைக்கவில்லை. "சோறு இருக்கான்னு கேட்டான்," என்றேன்.

அத்தை சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். "ஆமா. அவுக அப்படித்தான் கேப்பாக." சித்தி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். பெரியம்மா முந்தியால் முகத்தை மூடிக்கொண்டு, "ஏளா, நல்லாச் சொன்ன," என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. படித்தவர்களை அழவைத்துவிட்டேன் என்று அன்று தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மாமாவின் ஆத்துமாவுக்காகப் பூசை வைத்தார்கள். அத்தை வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தாள்.

அதன்பிறகு அத்தை நெடுநாள் இருந்தாள். என் கல்யாணத்துக்கும் என் பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கும் வந்தாள். வந்த இடத்திலெல்லாம் என்னைக் காட்டி, "இவ புத்தகத்துலதான் எங்க வீட்டு ஆளு வீடு வந்து சேந்தாக," என்று சொல்லுவாள். அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டு என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையின் பொய்யை நான்கு பேரும் புத்தகமாகவே வைத்துக்கொண்டார்கள். அதற்கு ஈடாகத் திருப்பிச் செய்ய என்னிடம் இன்றுவரை ஒன்றும் இல்லை.

கப்பல் கம்பெனியின் கடிதம், நான் அவனை இறக்கிவிட்ட அன்று காலையிலேயே வந்துவிட்டதாம். கதை சொல்லி முடிக்கும்வரை அது அத்தையின் மடியில் அந்தச் செபப்புத்தக அட்டைக்குள்தான் இருந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை.