ரொட்டி அடுப்பும் பிள்ளைத் துணியும்

திண்டுக்கல்லில் மழையைத் திட்டக் கூடாது. கோடையில் ஒரு குடம் தண்ணீருக்காக அடுத்த தெரு வரை வரிசையில் நிற்கிற ஊர் அது. மேகம் இறங்கி மலைக்கோட்டையை மூடிக்கொண்டால், முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஊரில், ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம், வானத்தைப் பார்த்து முறைத்துக்கொண்டு நின்ற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

காரணம் என் மகன். தாய்வீட்டில் பிரசவம் முடிந்து, மூன்று மாதக் குழந்தையோடு என் மனைவி நிலக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய அன்றே மழை பிடித்துக்கொண்டது. வெளியே வானம் பெய்தது. வீட்டுக்குள் அவன் பெய்தான். வானமாவது நடுநடுவே ஓய்வு எடுத்துக்கொண்டது.

எங்கள் வீடு வரிசை வீடுகளில் ஒன்று. ஓர் அறை, ஒரு சமையலறை. மாடி கிடையாது. என் பழைய வேட்டிகளையெல்லாம் கிழித்துத்தான் அவனுக்கு இடுப்புத்துணி செய்திருந்தோம். துவைப்பதில் சிரமம் இல்லை. மழை வந்த புண்ணியத்தில் தண்ணீர் தாராளம். காயவைப்பதுதான் பெரும்பாடு. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டினேன். கழுத்தளவில் கட்டியதால் வீட்டுக்குள் குனிந்தே நடக்க வேண்டியிருந்தது. பார்க்க வந்தவர்கள், தகப்பனான பிறகு எனக்குப் பணிவு வந்துவிட்டது என்று மெச்சிவிட்டுப் போனார்கள்.

துணி மட்டும் காயவில்லை. முந்தின நாள் போட்டதும் தொட்டால் சில்லென்றுதான் இருந்தது. அதைக் கட்டிவிட்டதில் பிள்ளைக்குச் சளி பிடித்தது. பால் குடிக்கும்போது நெஞ்சுக்குள் கர்கர் என்று சத்தம் கேட்டது. என் மனைவி துணியைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். கும்முட்டி அடுப்பில் கரியைப் போட்டுக் கனியவிட்டு, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணியை விரித்தோம். துணி காய்ந்தது. கூடவே என் சம்பளமும் காய்ந்தது. வெங்காய மண்டியில் கணக்கு எழுதுகிறவனுக்கு எவ்வளவு சம்பளம் இருந்துவிடப் போகிறது? மழை வந்ததும் கரியின் விலை ஏறியது. ஏறிய விலைக்கு வந்த கரியும் நனைந்திருந்தது.

"என்னண்ணே, கரி சொட்டுது?" என்று கரிக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"மழைக்காலத்துல சொட்டாம, பூவா பூக்கும்? எடுத்தா எடுங்க, இல்லாட்டி வச்சுட்டுப் போங்க."

எடுத்தேன். துணியின் ஈரத்தைப் போக்கக் கரி வாங்கி, அந்தக் கரியின் ஈரத்தைப் போக்க இன்னும் கொஞ்சம் கரி வாங்கிய ஒரே குடும்பஸ்தன் நானாகத்தான் இருக்கும்.

செலவைக் குறைக்க என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அது வேலை செய்தால் வீட்டில் எல்லோருக்கும் பயம். மண்டியில் வெங்காயம் அழுகாமல் இருக்கக் காற்றோட்டமான பெரிய கொட்டகை இருந்தது. பிள்ளையின் துணிகளை மூட்டையாகக் கொண்டுபோய்ச் சாக்குகளின் மேல் பரப்பி வைத்தேன். சாயங்காலத்துக்குள் நன்றாகவே காய்ந்திருந்தது. பெருமையோடு கொண்டுவந்து கொடுத்தேன். என் மனைவி ஒரு துணியை எடுத்து முகர்ந்தாள்.

"ஏங்க, புள்ளைக்கு இன்னும் பல்லே மொளைக்கல. அதுக்குள்ள வெஞ்சனத்துக்கு வெங்காயம் அரிஞ்சு வைக்கணும்னு என்ன அவசரம்?"

எல்லாவற்றையும் மறுபடி துவைத்தாள். அதில் ஒன்றைக் கொடியில் போட இடமில்லாமல், அறையின் வடக்குச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு அரிசி களையப் போனாள். சோறு கொதித்து வடிக்கிற நேரத்துக்கு வந்து தொட்டுப் பார்த்தவள், "ஏங்க, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள். துணி காய்ந்திருந்தது. வெறுமே காயவில்லை, வெதுவெதுப்பாக, இஸ்திரி போட்டதுபோல் இருந்தது.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு அந்தப் பக்கம் ரொட்டிக்கடை. பன்னும் வர்க்கியும் ரஸ்க்கும் போடுகிற பெரிய விறகு அடுப்பைச் சுவரோடு ஒட்டிக் கட்டியிருந்தார்கள். நாள் முழுக்கச் சுவர் சுடும். அந்த வருடம் சித்திரையில் அந்தப் பக்கம் முதுகைச் சாய்க்க முடியவில்லை. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் நடுத்தெருவில் நின்று, ரொட்டிக்கடைக்காரரைப் பார்த்து, "மனுசன் குடியிருக்கவா, இல்ல பன்னு மாதிரி உப்பவா?" என்று கத்தினேன். தெருவே சிரித்தது. அவருடைய வாடிக்கைக்காரர்களும் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்துபோயிற்று. நான் ஏதோ பெரிய வசனம் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். அதிலிருந்து அந்தச் சுவரை விட்டு ஒதுங்கியே இருந்தோம்.

அந்தச் சுவர்தான் இப்போது பிள்ளைக்குத் துணி காயவைத்துக் கொடுத்தது. துணி சுவரில் நேராகப் படிந்தால் சுண்ணாம்பு ஒட்டியது. அதனால் இரண்டு மூங்கில்களை விரற்கடை தள்ளிக் கட்டினேன். அறைக்குள் இருந்த கொடிகளை அவிழ்த்தோம். நான் நிமிர்ந்து நடந்தேன். கும்முட்டி அடுப்பு பரண்மேல் ஏறியது. கரிக்கடைப் பக்கமே நான் போகவில்லை. பிள்ளையின் நெஞ்சில் சத்தம் குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் கேட்கவே இல்லை. அவன் தூங்கிய பிறகும் என் மனைவி சற்று நேரம் காதை அவன் மார்பில் வைத்து உறுதிப்படுத்திக்கொண்டாள்.

இத்தனைக்கும் அந்தச் சூடு புதிதாக வந்ததல்ல. சித்திரையில் வந்த அதே சூடுதான். அப்போதும் இலவசமாகத்தான் வந்தது. அதற்கு விலை வைத்து, வசவாகக் கொடுத்தவன் நான். இதை யோசித்தபடி ஒரு சாயங்காலம் மண்டியிலிருந்து வந்தேன். ரொட்டிக்கடை வாசலில் வண்டியிலிருந்து செங்கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே, செங்கல்?" என்று கேட்டேன்.

ரொட்டிக்கடைக்காரர் நல்ல ஆகிருதி. புருவமெல்லாம் மாவு. என்னைக் "கணக்கு" என்றுதான் கூப்பிடுவார். "எல்லாம் ஒங்க உபயந்தான், கணக்கு. சித்திரையில அம்புட்டு கத்துனீகளே! கொத்தனாரு இப்பத்தான் ஆம்புட்டாரு. நாளைக்கு அடுப்ப இடிச்சு அங்கிட்டு இருக்குற சொவத்துல கட்டப் போறோம். இனிமே நீங்க குளுகுளுன்னு தூங்கலாம்."

நான் செங்கல் வண்டிக்குக் குறுக்கே போய் நின்றேன். "வேணாம்ண்ணே."

"என்னது?"

"அடுப்பு அங்கனயே இருக்கட்டும்."

அவர் உள்ளே திரும்பி, மாவு பிசைகிறவரைக் கூப்பிட்டார். "ஏப்பா, இங்கிட்டு வா. கணக்கு என்னமோ சொல்றாரு, நீயும் கேளு." பிறகு என்னிடம், "பன்னு மாதிரி உப்பவான்னு கேட்டீகள்ல?"

"கேட்டேன்."

"இப்ப உப்பணும்னு ஆச வந்துருச்சாக்கும்?"

மாவு பிசைகிறவர் சிரித்த சிரிப்பில் பிசைந்த மாவு புளித்திருக்கும். நான் விஷயத்தைச் சொன்னேன். ரொட்டிக்கடைக்காரர் நம்பவில்லை. "பொய்யி சொல்றீகளா, நெசமா, வந்து பாத்துருவோம்" என்று கிளம்பிவிட்டார்.

எங்கள் அறைக்குள் வந்தவர் மூங்கிலில் வரிசையாகத் தொங்கிய துணிகளைப் பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை. "நம்ம சூடு இந்தப் பக்கம் இம்புட்டு வருதா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். எத்தனையோ வருடமாக அந்த அடுப்பை எரிக்கிறவர் அதன் முதுகை அன்றுதான் பார்த்தார். ஒரு துணியை உருவி, ரொட்டி வெந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் விரல்களால் அமுக்கிப் பார்த்தார். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த என் மனைவி, "சளி விட்டுருச்சுண்ணே, இந்தச் சொவத்தாலதான்" என்றாள்.

அவர் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார். கன்னத்தில் மாவு ஒட்டியது.

"சரிம்மா, அடுப்பு இருக்கட்டும்" என்றார். என் பக்கம் திரும்பும்போது குரல் மாறியது. "ஆனா ஒண்ணு, கணக்கு. அன்னைக்கு எந்த எடத்துல நின்னு கத்துனீகளோ, அதே எடத்துல நின்னு, அதே சத்தத்துல, இது நல்ல சொவருன்னு சொல்லணும். அன்னைக்குச் சிரிச்ச சனமெல்லாம் கேக்கணும்."

"மழை பெய்யுதேண்ணே."

"கொடை நான் தாரேன்."

நான் மனைவியைப் பார்த்தேன். "போங்க, திட்டும்போது மட்டும் தொண்டை இருந்துச்சுல்ல?" என்றாள்.

அவர் குடை பிடிக்க, நான் நடுத்தெருவில் நின்று, "ரொட்டிக்கடைச் சுவர் நல்ல சுவர்! எங்கள் பிள்ளையின் துணியெல்லாம் அதில்தான் காய்கிறது!" என்று கத்தினேன். பதற்றத்தில் மேடைப் பேச்சுத் தமிழ் வந்துவிட்டது. வாசல்களில் தலைகள் முளைத்தன. எதிர்வீட்டு அம்மாள், "சத்தம் பத்தல, இன்னொருக்கா!" என்றார். இன்னொருக்காவும் கத்தினேன். அவமானம் என்று தோன்றவில்லை. நெஞ்சில் இருந்த ஏதோ ஒரு கர்கர் எனக்கும் அடங்கியதுபோல் இருந்தது.

ஆனால் அப்படிக் கத்தியது விளம்பரமாகப் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. மறுநாள் காலையில் வரிசை வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஈரத்துணியோடு எங்கள் வாசலில் நின்றார்கள். என் மனைவி யாரையும் திருப்பி அனுப்பவில்லை. முதலில் கைக்குழந்தைகளின் துணி, பிறகு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் சட்டை, பிறகு சேலைகள் என்று முறை வைத்தாள். என் சட்டை கடைசி. கார்த்திகை முடியும் வரை என் முறை வரவே இல்லை. ஈரச் சட்டையோடு மண்டிக்குப் போய் உட்கார்ந்து, தும்மித் தும்மிக் கணக்கு எழுதினேன்.

பங்குனியில், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள், ரொட்டிக்கடைக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"கணக்கு, சித்திரை வரப்போகுது. கொத்தனாரு சும்மாதான் இருக்காரு. செங்கல்லும் கெடக்கு. அடுப்ப மாத்திரவா?"

அதற்காகத்தான் காத்திருந்தேன். முந்தின இரவுதான் தலையணை முழுக்க வியர்வை. மாற்றிவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"இருக்கட்டும்ண்ணே. வர்ற ஐப்பசிக்கும் வேணும்."

"ஐப்பசிக்குள்ள தம்பி ஓடித் திரிவானேம்மா. அவனுக்கு எதுக்கு இம்புட்டு துணி?"

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. ரொட்டிக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஊரார் வெங்காயத்துக்கெல்லாம் கணக்கு எழுதிய நான், எங்கள் வீட்டுக்கு இன்னொரு குழந்தை வரப்போகிறது என்று தெரிந்துகொள்ள, வாசலில் நின்று விரல் விட்டு மாதம் எண்ண வேண்டியிருந்தது.

எண்ணி முடித்து உள்ளே போனேன். அவள் சுவரில் கை வைத்தபடி நின்றிருந்தாள். "ரெண்டாவது பேறுகாலத்துக்கு நா ஊருக்குப் போகல. இங்கனயே இருந்துக்கிறேன்" என்றாள். சுவர் கொதித்துக்கொண்டிருந்தது. நானும் அவள் கைக்குப் பக்கத்தில் கையை வைத்தேன். சுட்டது, எடுக்கவில்லை. பிறகு, ராத்திரி படுக்கக் கயிற்றுக்கட்டிலைத் தெருவில் போட எங்கே காற்று வருகிறது என்று பார்க்கப் போனேன்.