படத்தில் விழாத தலை

மகளுக்குப் பத்து வயதில் வாதக் காய்ச்சல் வந்தது. ஒரு வருடம் பள்ளிக்கூடம் வேண்டாம், மெல்ல நடமாடினால் போதும் என்றார் வைத்தியர். நான் அப்போது திருகோணமலைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், பிரதம எழுதுவினைஞன். ஆகவே முதலில் செய்யவேண்டியதைச் செய்தேன். வைத்தியச் சான்றிதழைப் பிரதி எடுத்து, சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி, பள்ளிக்கூடத்துக்கு ஒன்றை அனுப்பினேன். பிள்ளைக்குக் கஞ்சி பருக்குவதை மனைவி பார்த்துக்கொண்டாள்.

மகளின் கவலை காய்ச்சல் அல்ல. அவளுடைய தங்கை ஒரு வகுப்புக் கீழே படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் தவறினால் இருவரும் ஒரே வகுப்பு. சின்னவள் இதை முதல் நாளே கணக்குப் போட்டுவிட்டாள். கட்டிலருகே வந்து, "அக்கா, என்ர பக்கத்தில உனக்கு இடம் பிடிச்சு வைக்கிறன்" என்று பெருங்கருணையோடு சொன்னாள். மூத்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்று அவளுக்குக் கஞ்சியும் இறங்கவில்லை.

தலைமை ஆசிரியையிடம் போனேன். வருட முடிவில் பிள்ளையைக் கூட்டிவரும்படியும், எந்த வகுப்பு என்பதைத் தாமே பார்த்துத் தீர்மானிப்பதாகவும் சொன்னார். எந்தப் பாடம், எத்தனை புள்ளி என்று விசாரித்தேன். பிள்ளையைத்தான் பார்ப்பேன் என்றார். புள்ளித்திட்டம் இல்லாத பரீட்சையை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

வீட்டிலேயே பள்ளிக்கூடம் தொடங்கினோம். நான் நேரசூசி ஒன்று தயாரித்துச் சுவரில் ஒட்டினேன். மனைவி அதன் மேல் கலண்டரைத் தொங்கவிட்டாள். அவளுடைய முறை வேறு. குசினியில் புட்டுக்கு மாவையும் தண்ணீரையும் மகளை அளக்கவிட்டே பின்னம் சொல்லிக் கொடுத்தாள்; மகள் பிழைவிட்ட நாட்களில் எல்லோரும் கட்டிப் புட்டுச் சாப்பிட்டோம். கன்னியாவுக்கு பஸ்ஸில் கூட்டிப்போய், ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் கையை விட்டுப் பார்த்துச் சூட்டின்படி வரிசைப்படுத்த வைத்தாள். நான் முறைப்படி வெப்பமானி கொண்டுபோயிருந்தேன். "கிணத்துக்கு என்னைவிடக் காய்ச்சல்" என்றாள் மகள்.

கமரா மைத்துனர் கொடுத்தது. கப்பலில் வேலை செய்த காலத்தில் அவர் வாங்கிய பெட்டிக் கமரா. எழுபதுகளின் தொடக்கம், இறக்குமதிக் கட்டுப்பாட்டில் பிலிம் சுருள் கிடைப்பதே அருமை. அதனால் ஒரு படத்துக்கு ஒரு விண்ணப்பம் என்று விதி செய்தேன். எதை எடுக்கப்போகிறாள், வெயில் எந்தப் பக்கம் விழும், ஏன் எடுக்கவேண்டும் என்று எழுதித் தரவேண்டும். கட்டுரையும் விஞ்ஞானமும் அதற்குள் அடங்கிவிடும் அல்லவா? முதல் விண்ணப்பத்தைக் காரணம் போதாது என்று திருப்பி அனுப்பினேன். அடுத்ததில், அதிகாரி பசியோடு இருக்கும்போது கோபிப்பதால் இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு பரிசீலிக்கவும் என்று எழுதியிருந்தாள். அனுமதித்தேன்.

எங்கள் ஊரில் திசை கற்பிப்பது சுலபம். கடற்படைத் தளம் உள்ள பக்கம் கமராவைத் திருப்பக்கூடாது, மிச்சமெல்லாம் திருப்பலாம். மூதூரிலிருந்து வரும் லாஞ்சுப் படகில் தயிர்ச்சட்டிகளோடு வந்து இறங்குகிறவர்களை எடுத்தாள். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்களை எடுத்தாள்; விண்ணப்பத்தில் சொன்ன இடத்தில் மான்கள் நிற்கவில்லை. சுருளின் கடைசிப் படத்துக்கு, வீட்டு வாசலில் என்னை நிறுத்தினாள்.

சுருளைக் கழுவித் தந்த ஸ்டூடியோ முதலாளி கிண்ணியாக்காரர். உறையை நீட்டும்போதே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். என் படத்தில் பொக்கற்றுப் பேனை தெளிவு, பொத்தான்கள் தெளிவு, மூக்குக்கு மேலே ஒன்றுமில்லை.

"ஐயா, உங்கட தலைய நாங்க வெட்டல்ல," என்றார். "வரக்குள்ளயே இல்ல."

வீணான படம் என்று ஒதுக்கினேன். மகள் விடவில்லை, தான் பார்த்தபோது தலை இருந்தது என்று சாதித்தாள். பிலிம் இல்லாத கமராவின் பின்பக்கத்தைத் திறந்து, எண்ணெய் தடவிய கடதாசியை அங்கே ஒட்டினாள். தாயின் சேலையைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு, கடதாசியில் விழும் தலைகீழ் உருவத்தைப் பார்த்தாள். உருவம் என்னுடையது. ஒரு சனிக்கிழமைக் காலை முழுவதும் முற்றத்து வெயிலில் கிட்ட வந்தும் எட்டப் போயும் நின்றேன். மனைவி குசினி யன்னலால் எட்டிப் பார்த்து, "இஞ்சேருங்கோ, தலை கிடைச்சிட்டுதோ?" என்றாள்.

வருடம் முடிந்தது. தலைமை ஆசிரியைக்குக் காட்ட ஓர் அல்பம் தயாரித்தேன். நல்ல படங்கள் மட்டும். புறப்படும் காலையில் திறந்தால் முதற் பக்கத்தில் நான், தலையில்லாமல். கழற்றப் போனேன். மகள் கையால் பொத்திக்கொண்டாள்.

"எடுக்காதேங்கோ அப்பா. எனக்கு நல்லா விளங்கின படம் அதுதான்."

மனைவியும் கூட வந்தாள். தலைமை ஆசிரியை என் சான்றிதழ்க் கட்டைப் பிரிக்காமலே ஒரு பக்கம் வைத்தார். அல்பத்தைத் திறந்தார். படத்தைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார்.

"இதில தலை எங்க?"

மகளின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். மனைவி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

"நாங்கள் பார்க்கிற கண்ணாடி மேல கிடக்கு, ரீச்சர்," என்றாள் மகள். "படம் பிடிக்கிற கண்ணாடி கீழ. அப்பா நல்லாக் கிட்ட நிண்டவர். எனக்குத் தலை தெரிஞ்சது, கமராவுக்குத் தெரியேல்லை."

"எட்ட நிண்டிருந்தா?"

"விழுந்திருக்கும். ஆனா அப்பா எட்ட நிக்கமாட்டார், ரீச்சர்."

தலைமை ஆசிரியை சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு கணக்குக் கேட்டார். பின்னமெல்லாம் சரியாக வந்தது. வாசிக்கச் சொன்னார், வாசித்தாள். சரித்திரம் கேட்டார். ஒரு மன்னனையும் அவளுக்குத் தெரியவில்லை. சரித்திரம் என் நேரசூசியில் இருந்தது, கலண்டருக்குக் கீழே. மகளின் முகம் விழுந்துவிட்டது. வகுப்பு வாங்கில் தங்கைக்குப் பக்கத்திலுள்ள இடம் அவள் கண்ணில் தெரிந்திருக்கும்.

"சரித்திரத்தை நான் பார்க்கிறன்," என்றார் தலைமை ஆசிரியை. "திங்கக்கிழமை பிள்ளை தன்ர வகுப்புக்கே வரட்டும்."

தீர்மானத்தை எழுத்தில் பெறுவதுதான் ஒழுங்கு. கேட்பதற்கு நிமிர்ந்தேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தில் கேட்டால் அது மேலிடத்துக்குப் போகும்; மேலிடம் விதியைப் பார்க்கும்; ஒரு வருடம் வராத பிள்ளைக்கு வகுப்பேற்றம் கிடையாது என்பது விதி. அந்தச் சுற்றறிக்கையின் இலக்கம்கூட எனக்கு மனப்பாடம்.

சான்றிதழ்க் கட்டை எடுத்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டேன்.

"அப்ப நாங்கள் வாறம், ரீச்சர்" என்று எழும்பினேன்.